20 லட்சத்தை எங்கே வைப்பது? கொழுந்தை நம்பும் வீடும் பென்ஷன் வாங்கும் வீடும்

கோத்தகிரிப் பக்கம் இரண்டு ஏக்கர் தேயிலை வைத்திருக்கும் வீட்டுக்குத் திடீரென்று கையில் 20 லட்சம் வந்தால், பெரியவர்கள் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: பக்கத்தில் ஒரு ஏக்கர் விலைக்கு வருகிறதா பாரு. அதை விட்டால் சுற்றுலா வருபவர்களுக்கு வாடகைக்கு விட ஒரு காட்டேஜ். இரண்டும் வேண்டாம் என்பவர்கள் மொத்தத்தையும் எஃப்.டி.யில் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். படித்த பிள்ளைகள் கோயம்புத்தூரிலிருந்து போன் போட்டு மியூச்சுவல் ஃபண்ட் என்கிறார்கள். நால்வரும் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்த வீட்டின் வருமானம் ஏற்கெனவே எதை நம்பி நிற்கிறது என்பதை யாரும் முதலில் கேட்பதில்லை. ரிஸ்க் கணக்கு அங்கேதான் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

இரண்டு வீடுகளை எடுத்துக்கொள்கிறேன். முதல் வீட்டில் கணவனுக்கு 45 வயது. இரண்டு ஏக்கர் தேயிலை, வேறு வருமானம் இல்லை, மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். மேட்டுப்பாளையத்தில் இருந்த ஒரு மனையை விற்றதில் வந்த காசு அந்த 20 லட்சம். இரண்டாவது வீட்டுக்காரர் அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையில் 60 வயதில் ஓய்வு பெற்றவர். மாதம் 30,000 ரூபாய் பென்ஷன், பேருக்கு அரை ஏக்கர் தேயிலை, கையில் அதே 20 லட்சம். இரண்டும் கணக்குக்காக நான் வைத்துக்கொண்ட வீடுகள். ஆனால் இப்படிப்பட்ட வீடுகள் நம் மலையின் ஒவ்வொரு ஹட்டியிலும் (ஊரிலும்) இருக்கின்றன.

இன்னொரு ஏக்கர் வாங்கினால்

இருபது லட்சத்துக்கு ஒரு ஏக்கர் கிடைப்பதாகவே வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 4,000 கிலோ பச்சைத் தேயிலை பறிக்கலாம், கூலி, உரம், மருந்து, வண்டி எல்லாம் சேர்த்துக் கிலோவுக்கு 16 ரூபாய் செலவு என்று போடுங்கள். இலை 20 ரூபாய்க்குப் போனால் கிலோவுக்கு 4 ரூபாய், வருடத்துக்கு 16,000 ரூபாய் மிச்சம். 25-க்குப் போனால் 36,000. 15-க்கு இறங்கினால் கையிலிருந்து 4,000 போகும். விலை நான்கில் ஒரு பங்கு ஏறியதில் மிச்சம் இரண்டு மடங்குக்கு மேல் ஆகிறது. அதே நான்கில் ஒரு பங்கு இறங்கினால் மிச்சமே இல்லை. பங்குச் சந்தை ஏறி இறங்குவதைப் பார்த்துப் பயப்படுகிற நாம், அதைவிடக் கடுமையாக ஏறி இறங்கும் ஒன்றைத் தாத்தா காலத்திலிருந்து கையில் வைத்திருக்கிறோம். தினமும் திரையில் விலை ஓடாததால் அது கண்ணுக்குப் படுவதில்லை, அவ்வளவுதான்.

அந்த 16,000-த்தை 20 லட்சத்தால் வகுத்துப் பாருங்கள். ஒரு சதவீதம்கூட இல்லை. வீட்டு ஆட்களே முழுக்கப் பறித்தால் மிச்சம் கூடும். ஆனால் அது அவர்கள் உழைப்புக்கான கூலி, முதலீட்டின் வருமானம் என்று அதைச் சொல்ல முடியாது. ஆகவே ஏக்கர் வாங்குவது என்றால், நிலத்தின் விலை ஏறும் என்ற ஒரே நம்பிக்கையில் காசைப் போடுவது. விலை ஏறலாம். ஆனால் விற்க வேண்டிய நேரத்தில் வாங்க ஆள் வேண்டும், பட்டா சுத்தமாக இருக்க வேண்டும், மகளுக்கு நாலு லட்சம் பீஸ் கட்ட வேண்டும் என்றால் ஏக்கரில் ஐந்தில் ஒரு பங்கைக் கிள்ளி விற்க முடியாது.

இன்னும் பெரிய சங்கதி ஒன்று உண்டு. முதல் வீட்டின் இரண்டு ஏக்கரும் இதே விலையில் 40 லட்சம் பெறும் என்றால், அவர்களின் 60 லட்சம் சொத்தில் 40 லட்சம் ஏற்கெனவே இலையை நம்பி நிற்கிறது. இன்னொரு ஏக்கர் வாங்கினால் 60-ம் அதே சரிவில். 1991-இல் சோவியத் ஒன்றியம் கலைந்தபோது நம் தேயிலையின் பெரிய சந்தை ஆட்டம் கண்டது. தொண்ணூறுகளின் கடைசியில் இலை விலை விழுந்து, 2000 வாக்கில் ஊர் ஊராகப் போராட்டம் நடந்தது. 2023 செப்டம்பரில் கிலோவுக்கு 33 ரூபாய் 50 காசு வேண்டும் என்று விவசாயிகள் மறுபடி உட்கார்ந்தார்கள். 2009 நவம்பர் மழையில் மலை சரிந்ததையும், டிசம்பர் ஜனவரி உறைபனியில் கொழுந்து கருகுவதையும் இங்கே யாருக்கும் நான் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு ஏக்கருக்கு அடிக்கும் பனி மூன்றாவது ஏக்கரை விட்டுவைக்காது. இலை வீட்டுக்கு மூன்றாவது ஏக்கர் வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

காட்டேஜ் பற்றி நீட்டி எழுத மனமில்லை. 2024 மே 7 முதல் சென்னை உயர்நீதிமன்ற உத்தரவின்படி நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரலில் சீசனுக்கு வண்டிகளின் எண்ணிக்கைக்கே வரம்பு வந்தது: நீலகிரிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000. மலைக்கு அது தேவைதான், நான் அதை வரவேற்கிறேன். ஆனால் கடன் வாங்கிக் கட்டிய இரண்டு அறைக்கு ஆள் வருவது நம் கையில் இல்லை என்பதும் இதில் தெரிகிறது. கட்டட அனுமதி இல்லாமல் கட்டியவர்கள் கதை வேறு. நீலகிரியின் சீகூர் யானை வழித்தடத்தில் 2018-இல் ரிசார்ட்டுகளுக்குச் சீல் விழுந்தது. 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் அந்த வழித்தடத்தை உறுதி செய்தது. அனுமதி கையில் இருப்பவர்கள், வேறு நிலையான வருமானம் உள்ளவர்கள் மட்டும் இதை யோசிக்கலாம்.

மொத்தமும் பத்திரமாக வைத்தால்

தபால் ஆபீஸ் மாத வருமானத் திட்டத்துக்கு இப்போதைய வட்டி 7.4 சதவீதம். ஒருவர் பேரில் 9 லட்சம், கூட்டுக் கணக்கில் 15 லட்சம் வரை போடலாம், ஐந்து வருடம். இலை வீடு 15 லட்சத்தை இதில் போட்டு, மீதி 5 லட்சத்தை வங்கியில் 6.5 சதவீதத்துக்கு வைத்தால், தபால் ஆபீசிலிருந்து மாதம் 9,250 வரும். இரண்டும் சேர்ந்து வருடத்துக்கு 1,43,500 ரூபாய். இலைப் பணம் குறையும் ஜனவரி முதல் மார்ச் வரையிலான மாதங்களில் இந்த 9,250 எவ்வளவு பெரிய தொகை என்பது அந்த மாதங்களில் மளிகைக் கடையில் கணக்கு வைத்தவர்களுக்குத் தெரியும். இந்த வழியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் வட்டியை எடுத்துச் செலவழித்துவிட்டால் அசல் 20 லட்சம் அப்படியே நிற்கும், விலைவாசி நிற்காது. வருடம் 6 சதவீதம் விலை ஏறினால், பத்து வருடம் கழித்து அந்த 20 லட்சத்தால் இன்றைக்கு 11 லட்சம் சொச்சத்துக்கு வாங்கக்கூடியதைத்தான் வாங்க முடியும். இது கண்ணுக்குத் தெரியாத நஷ்டம். பாஸ்புக்கில் எண் குறையாததால் யாரும் இதற்குத் தூக்கம் கெடுவதில்லை.

இங்கே இன்னொன்று. வங்கி டெபாசிட்டுக்கு, வட்டியும் சேர்த்து, ஒருவருக்கு ஒரு வங்கியில் 5 லட்சம் வரை காப்பீடு உண்டு. 2020 பிப்ரவரியில்தான் அது ஒரு லட்சத்திலிருந்து உயர்ந்தது. நம் ஊர்த் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் போடும் டெபாசிட்டுக்கு அந்தக் காப்பீடு கிடையாது. சங்கத்தில் நகைக்கடன் வாங்குங்கள், பயிர்க்கடன் வாங்குங்கள், ஆனால் வீட்டின் மொத்தச் சேமிப்பையும் அங்கே வைக்காதீர்கள். மாதம் 3 சதவீதம் தருகிறேன் என்று வீடு தேடி வருபவரைப் பற்றி இரண்டே வரி: அது வருடத்துக்கு 36 சதவீதம், நேர்மையான எந்தத் தொழிலும் அதை நிச்சயமாகத் தர முடியாது. ஏலச்சீட்டு போடுவதானால் பதிவு செய்த சீட்டா என்று பார்த்துப் போடுங்கள். அதுவும் சேமிப்புப் பழக்கத்துக்கு உதவும், 20 லட்சத்தை வைக்கும் இடம் அதுவல்ல.

மொத்தமும் பங்குச் சந்தையில் போட்டால்

2008 ஜனவரியில் மும்பைச் சந்தையின் குறியீடான சென்செக்ஸ் 21,000 அருகே இருந்தது. 2009 மார்ச்சில் 8,000 அருகே. கிட்டத்தட்ட 60 சதவீதம் போனது. இருபது லட்சம் போட்டவர் கையில் 8 லட்சம். 60 சதவீதம் இறங்கியதை மீட்க 150 சதவீதம் ஏற வேண்டும். சென்செக்ஸ் பழைய உச்சத்தைத் தொட 2010 கடைசி ஆனது. இடையில் விற்காதவர்கள் மீண்டார்கள் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். இலை விலை பாதியாகி, மகளுக்குக் கல்லூரி பீஸ் கட்ட வேண்டிய மாதத்தில் விற்காமல் இருக்க எந்த அப்பாவால் முடியும்? விற்காமல் காத்திருக்கும் பலம் மனதில் இருப்பதைவிட, வீட்டின் மற்ற வருமானத்தில் இருக்கிறது.

ஆனால் பங்குகள் செய்யும் ஒரு வேலையை மலையில் உள்ள எந்தச் சொத்தும் செய்யாது. ஹாரி மார்க்கோவிட்ஸ் 1952-இல் எழுதிய கட்டுரையின் சாரம் இதுதான் (1990-இல் அவருக்குப் பொருளாதார நோபல் கிடைத்தது): ஒரு முதலீட்டின் ரிஸ்க்கைத் தனியாகப் பார்க்காதே, மற்றவற்றோடு சேர்ந்து அது எப்படி அசைகிறது என்று பார். நம் மலையிலேயே இதற்குச் சாட்சி உண்டு. 2020 மார்ச்சில் கொரோனா பயத்தில், பெரிய 50 கம்பெனிகளின் பங்குக் குறியீடான நிஃப்டி இரண்டு மாதத்தில் 38 சதவீதம் விழுந்தது. அதே வருடம் ஊரடங்கால் அசாமில் உற்பத்தி குறைய, குன்னூர் ஏலத்தில் தேயிலை விலை எகிறியது, இலைக்கும் நல்ல விலை வந்தது. தொண்ணூறுகளின் கடைசியில் இலை விழுந்ததற்கும் மும்பைச் சந்தைக்கும் சம்பந்தமில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் விழவே விழாது என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. ஆனால் மூன்றாவது ஏக்கர், முதல் இரண்டு ஏக்கரோடு சேர்ந்து விழும் என்பதற்கு உத்தரவாதமே தரலாம்.

இதே காரணத்தால் இலை வீட்டுக்காரர் தேயிலைக் கம்பெனிப் பங்குகளைத் தொட வேண்டாம். தெரிந்த தொழில் என்று ஆசை வரும், அந்தத் தொழிலில்தான் ஏற்கெனவே முழுகி இருக்கிறோம். செலவு விகிதம் (ஃபண்ட் நடத்துபவர்கள் வருடாவருடம் எடுத்துக்கொள்ளும் கட்டணம்) குறைந்த, நிஃப்டியை அப்படியே பின்பற்றும் ஒரு இண்டெக்ஸ் ஃபண்ட் போதும். நாட்டின் பெரிய 50 கம்பெனிகளில் காசு பரவிக்கொள்ளும்.

தங்கம்

நம் வீடுகளில் தங்கத்தை யாரும் விற்கச் சொல்ல முடியாது, நானும் சொல்லவில்லை. ஆனால் தங்கம் இறங்கவே இறங்காது என்ற நம்பிக்கை தவறு. 2012 இறுதியில் 10 கிராம் 31,000 ரூபாய்க்கு மேல் போனது, 2015 நடுவில் 25,000 அருகே வந்தது. நகையாக வாங்கினால் செய்கூலி, சேதாரம், ஜி.எஸ்.டி. என்று வாங்கும்போதே ஒரு பகுதி போய்விடும். முதலீட்டுக்கு என்றால் தங்கக் காசாகவோ, பங்குபோலச் சந்தையில் வாங்கி விற்கும் தங்க ஃபண்டான கோல்டு இ.டி.எஃப். ஆகவோ வாங்கலாம். அரசின் தங்கப் பத்திரம் 2024 பிப்ரவரிக்குப் பிறகு புதிதாக வெளியிடப்படவில்லை. இலை வீட்டில் தங்கத்துக்கு நான் தரும் இடம் லாபத்துக்காக அல்ல. சந்தை விழுந்திருக்கும் நேரத்தில் அவசரம் வந்தால், ஃபண்டை நஷ்டத்தில் விற்காமல் காலையில் பவுனை அடகு வைத்து மத்தியானம் பணத்தோடு வரலாம். அந்த வசதிக்கு காசாக வாங்கிய தங்கத்தைவிட நகையே கைகொடுக்கும். வீட்டில் நகை ஏற்கெனவே போதுமான அளவு இருந்தால் இந்தப் பகுதியைத் தாண்டிவிடலாம்.

கலந்து வைத்தால்

இலை வீட்டுக்கு நான் போடும் கலவை: தபால் ஆபீஸ் மாத வருமானத் திட்டத்தில் 10 லட்சம், வங்கியில் 3 லட்சம், இண்டெக்ஸ் ஃபண்டில் 5 லட்சம், தங்கத்தில் 2 லட்சம். வட்டி வருடத்துக்கு 93,500 ரூபாய், அதில் தபால் ஆபீஸ் பங்கு மாதம் 6,166. மொத்தமும் பத்திரமாக வைத்த வழியோடு ஒப்பிட்டால் வருடத்துக்கு 50,000, பத்து வருடத்தில் 5 லட்சம் வட்டி குறைகிறது. இதுதான் இந்த வழிக்குக் கொடுக்கும் விலை. இதை மறைத்துவிட்டு ஃபண்டின் வளர்ச்சியை மட்டும் காட்டுபவர்களின் கணக்கை நம்ப வேண்டாம்.

பதிலுக்கு என்ன கிடைக்கிறது? ஃபண்ட் சராசரியாக வருடம் 10 சதவீதமும் தங்கம் 6 சதவீதமும் வளர்ந்தால், பத்து வருடத்தில் 5 லட்சம் சுமார் 13 லட்சமாகும், 2 லட்சம் மூன்றரை லட்சமாகும். மொத்தம் 29 லட்சத்து ஐம்பதாயிரம். விட்டுக்கொடுத்த 5 லட்சம் வட்டியைக் கழித்தாலும் நாலரை லட்சம் முன்னே நிற்கலாம். ஃபண்ட் 6 சதவீதம்தான் தந்தால் மொத்தம் இருபத்தைந்தரை லட்சம், அதாவது சரிக்குச் சரி. 4 சதவீதம் என்றால் ஒரு லட்சம் பின்னே. வரி தனி: ஒரு வருடத்துக்கு மேல் வைத்து விற்கும் பங்கு ஃபண்டில் ஒரு நிதியாண்டின் லாபம் 1.25 லட்சத்தைத் தாண்டும் பகுதிக்கு 12.5 சதவீதம். கொஞ்சம் கொஞ்சமாக வருடாவருடம் எடுத்தால் இதில் பெரும்பகுதி மிச்சமாகும்.

அடுத்து மோசமான நாள். 2008 மாதிரி 60 சதவீதம் விழுந்தால் 5 லட்சத்தில் 3 லட்சம் காகிதத்தில் போகும். 20 லட்சத்தில் அது 15 சதவீதம். வலிக்கும், ஆனால் மாத வட்டி ஒரு ரூபாய்கூடக் குறையாது, பீஸ் கட்ட வங்கியில் 3 லட்சம் அப்படியே இருக்கும், தங்கம் பீரோவில் இருக்கும். காத்திருக்க முடியும். ஆகவேதான் 5 லட்சம். நான் இதை 8 அல்லது 10 லட்சமாக்க மாட்டேன், எவ்வளவு நல்ல வருடம் நடந்துகொண்டிருந்தாலும் சரி.

பென்ஷன் வீட்டுக்குக் கணக்கு மாறும்

வெடிமருந்துத் தொழிற்சாலையில் ஓய்வு பெற்றவருக்கு மாதம் 30,000 என்றால் வருடம் 3,60,000. மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தின் இப்போதைய 8.2 சதவீத வட்டியில் அவ்வளவு வருமானம் வர வேண்டுமானால் சுமார் 44 லட்சம் போட்டிருக்க வேண்டும். அப்படியானால் அவரிடம் இருப்பது 20 லட்சம் என்று நினைப்பது சரியில்லை. பத்திரமான 44 லட்சத்துக்குச் சமமான ஒன்றும், அதோடு 20 லட்சமும் இருக்கின்றன. பென்ஷனோடு அகவிலைப்படியும் ஏறும், எந்த எஃப்.டி.யும் அதைச் செய்யாது. இவர் 10 லட்சத்தை இண்டெக்ஸ் ஃபண்டில் போட்டாலும் 64-இல் 10 தான், ஆறில் ஒரு பங்குகூட இல்லை.

ஆகவே சந்தையைத் தாங்கும் பலம் இலை வீட்டைவிட இவருக்கு அதிகம். வயதானவர் பங்குப் பக்கம் போகக் கூடாது, இளையவர் போகலாம் என்ற பொது விதி இந்த இரண்டு வீடுகளிலும் தலைகீழாகிறது. ஆனால் இங்கே இன்னொரு கேள்வி கேட்க வேண்டும்: அவருக்குத் தேவை இருக்கிறதா? பிள்ளைகள் நிலைபெற்று, பென்ஷனிலேயே வீடு ஓடினால், மொத்தத்தையும் மூத்த குடிமக்கள் திட்டத்தில் போட்டு வருடம் 1,64,000 ரூபாய், மூன்று மாதத்துக்கு ஒருமுறை 41,000 வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருப்பதில் ஒரு தவறும் இல்லை. பேரப்பிள்ளைகளுக்கு என்று பத்து, பதினைந்து வருடத்துக்கு ஒதுக்கும் பணம் இருந்தால் அதைப் பங்கு ஃபண்டில் வைக்கலாம். எனக்குத் தெரிந்தவர்களில் இந்த நிலையில் இருப்பவர்களுக்கு 12 லட்சம் மூத்த குடிமக்கள் திட்டத்திலும், 6 லட்சம் ஃபண்டிலும், 2 லட்சம் கையருகேயும் வைக்கச் சொல்வேன். பலம் இருக்கிறது என்பதற்காக முழுப் பலத்தையும் போட வேண்டியதில்லை.

ஒன்று கவனிக்க வேண்டும். பென்ஷன் ஓய்வூதியருக்குப் பிறகு மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியமாகக் குறைந்து வரும். அந்த நாளில் அந்த அம்மாவுக்கு மாதம் எவ்வளவு வேண்டும் என்று இப்போதே இருவரும் உட்கார்ந்து பேசி, அதற்கேற்ப டெபாசிட்டை அவர் பேரிலும் பிரித்து வைக்க வேண்டும். இதைப் பேச நம் வீடுகளில் தயங்குகிறார்கள். தயவுசெய்து பேசுங்கள்.

செய்யும்போது

இலை வீடு அந்த 5 லட்சத்தை ஒரே நாளில் ஃபண்டில் போட வேண்டாம். மாதம் 25,000 வீதம் 20 மாதங்களில் போகட்டும். நீண்ட ஏறுமுகச் சந்தையில் மொத்தமாகப் போட்டவருக்கே லாபம் அதிகம் என்பது உண்மைதான். ஆனால் முதல் தடவை போடுபவர், போட்ட மறுமாதமே 20 சதவீதம் இறங்கியதைப் பார்த்தால் விற்றுவிட்டு வாழ்நாளுக்கும் திரும்பி வரமாட்டார். அந்த ஆபத்தோடு ஒப்பிட்டால் கொஞ்சம் லாபம் குறைவது சிறிய விஷயம்.

இதற்குப் பிறகு இலைப் பணத்திலிருந்து எஸ்.ஐ.பி. (மாதாமாதம் ஃபண்டில் போடும் தவணை) போடுவதானால், தொகையை மே மாத வருமானத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பிப்ரவரி மாத இலை பில்லைப் பார்த்து வையுங்கள், அது 1,000 ரூபாயாக இருந்தாலும் சரி. ஏப்ரல் முதல் ஜூன் வரை இலை நன்றாக வரும்போது கூடுதலாக ஒரு தொகையைத் தனியாகப் போட்டுக்கொள்ளலாம். தேயிலைச் செடியைக் கவாத்து வெட்டும் வருடத்தில் அந்தப் பகுதியில் சில மாதம் இலையே இருக்காது. அந்த வருடம் எஸ்.ஐ.பி.யை நிறுத்தி வைத்தால் அபராதம் எதுவும் இல்லை. நிறுத்தினோமே என்று ஃபண்டை விற்றுவிடவும் வேண்டாம்.

வருடத்துக்கு ஒருமுறை, மார்ச் கடைசியில், எல்லாப் பாஸ்புக்கையும் ஃபண்ட் கணக்கையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள். ஃபண்டில் இருப்பது மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டியிருந்தால் கூடுதலை எடுத்து வங்கியில் போடுங்கள். ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே போயிருந்தால் வங்கியிலிருந்து கொஞ்சம் எடுத்துப் போடுங்கள், ஆனால் வங்கிப் பணம் ஒரு வருட வீட்டுச் செலவுக்குக் கீழே போகாமல். மகளின் முதல் வருடக் கல்லூரிப் பணம் மட்டும் இந்தக் கணக்கிலேயே வரக் கூடாது. இன்னும் இரண்டு வருடத்தில் தேவைப்படும் அந்தத் தொகையை வங்கியின் 3 லட்சத்திலிருந்து பிரித்து, அவள் சேரும் ஜூன் மாதத்துக்கு முன்பே முதிரும்படி தனி எஃப்.டி.யாகப் போட்டுவிடுங்கள்.